கேமிலியா மொட்டுகள் உதிர்ந்த காரணம்

பிள்ளைகளா, மூன்று பேருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். ஆனாலும் இதை முதலில் படிக்க வேண்டியவள் பெரியவள். அவள் படித்து முடித்துவிட்டுத் தம்பிகளிடம் கொடுக்கட்டும். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். எழுத்து முன்னே பின்னே போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரியவளே, கோத்தகிரியிலிருந்து நீ போட்ட கடிதம் போன வாரம் வந்தது. குவார்ட்டர்ஸ் வாசலில் வைத்த கேமிலியாவில் மொட்டு வருகிறது, கோலிக்குண்டு அளவு பெருக்கிறது, பிறகு ஒவ்வொன்றாகக் கொட்டிவிடுகிறது, இலையும் வெளுக்கிறது, என்ன செய்யலாம் அப்பா என்று கேட்டிருந்தாய். அதோடு நிறுத்தியிருந்தால் ஒரு கார்டில் பதில் எழுதிப் போட்டிருப்பேன். கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தாய். "அம்மா செடியில மொட்டுப் பறிச்ச கைதானே, அதான் எங்கிட்ட தங்க மாட்டேங்குது போல."

சிரிக்கத்தான் எழுதியிருப்பாய். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

நீ மொட்டுப் பறிக்கவில்லை. அந்தச் செடியைக் கொன்றது நான். அது எனக்கு அப்போதே தெரியும். உன் அம்மா போய்ச் சேருகிற வரைக்கும் நீதான் பறித்தாய் என்று நம்பிக்கொண்டு போனாள். நானும் அப்படியே நம்பவிட்டேன். இதைச் சொல்லாமல் உன் செடிக்கு வைத்தியம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

உங்கள் அம்மா குன்னூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் என்பது உங்களுக்குத் தெரியும். அவளுடைய அப்பா, உங்கள் தாத்தா, தேயிலை உலர்த்துகிற அடுப்பைப் பார்த்துக்கொண்டவர். அம்மாவுக்குப் பன்னிரண்டு வயது நடக்கும்போது அவளுடைய தாய் தவறிப்போனார். அவர் கையால் வைத்த கேமிலியா ஒன்று அவர்கள் வீட்டு வாசலில் ஆள் உயரத்துக்கு நின்றதாம். சிவப்புப் பூ. டிசம்பர் மூன்றாவது வாரம் அவருடைய நினைவு நாள் வரும். அன்றைக்கு ஒரு பூவைப் பறித்து, கிண்ணத்துத் தண்ணீரில் மிதக்கவிட்டு, போட்டோவுக்கு முன்னால் வைப்பார்கள். தாத்தா வேலையிலிருந்து நின்றதும் வீட்டைக் காலி பண்ண வேண்டியதாயிற்று. அடுத்து வந்தவர்கள் துணி காயப்போட இடம் இல்லை என்று செடியை வெட்டிவிட்டார்கள். அதற்கு முன்பே அம்மா ஒரு கிளையை வளைத்துப் பதியம் போட்டு, வேர் பிடித்ததும் ஒரு பிஸ்கட் டப்பாவில் எடுத்துக்கொண்டு, மடியில் வைத்தபடியே ரயிலேறித் திருச்சி வந்தாள். எங்களுக்குக் கல்யாணமாகி அப்போது ஒரு வருஷம். பெரியவளே, நீ வயிற்றில் இருந்தாய்.

"அம்மான்னு சொல்லிக்க எங்கிட்ட ஒரு போட்டோவும் இந்தச் செடியும்தாங்க இருக்கு. இது ஒரு பூ பூத்துட்டாப் போதும். வருஷா வருஷம் நான் மலைக்குப் போகணும்னு உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டேன்" என்றாள்.

அப்போது நாங்கள் ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரையை ஒட்டி ஒரு தென்னந்தோப்புக்குள் இருந்த ஓட்டு வீட்டில் குடியிருந்தோம். தோப்புக்காரர் கோயிலுக்குப் பக்கத்து வீதியில் இருக்கிற ஐயங்கார். தோப்பைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், ஆள் எந்தச் சாமியைக் கும்பிட்டால் என்ன என்று எங்களை வைத்துக்கொண்டார். எனக்கு வேலை துவாக்குடியில் ஒரு சின்னப் பட்டறையில், இரும்புத் தகடு வெட்டுகிற வேலை. சைக்கிளில் காவிரிப் பாலம் தாண்டிச் சத்திரம் பஸ் நிலையம் போய், சைக்கிளைப் போட்டுவிட்டு, அங்கிருந்து பஸ்.

வந்த புதிதில் செடிக்கு நான் செய்ததெல்லாம் தப்பு. கிணற்றடியில் ஈரம் இருக்கிறதே என்று அங்கே ஒரு முழம் ஆழத்துக்குக் குழி வெட்டிப் புதைத்தேன். காலை வெயில் நல்லது என்று கிழக்கு பார்க்க வைத்தேன். பத்து நாளில் இலை விளிம்பெல்லாம் தீய்ந்த அப்பளம் மாதிரி ஆகிவிட்டது. அம்மா வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏங்க, தென்னம்பிள்ளையா நடுறீங்க? இதுக்கு வேரு மேலாப்புல மூச்சு விடணும். கழுத்து வரைக்கும் மண்ணைப் போட்டா எப்படிங்க?"

அவளே தோண்டி எடுத்து, ஓட்டை போட்ட பெரிய மண்தொட்டியில், வேரின் மேல்பக்கம் வெளியே தெரிகிற மாதிரி வைத்தாள். வீட்டுக்கு வடபுறம், சுவரும் தென்னையும் சேர்ந்து நிழல் தருகிற மூலையில் தொட்டியை நிறுத்தினாள். அதற்குப் பிறகு இலை தீயவில்லை. ஆனால் மஞ்சளாகத் தொடங்கியது. நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும், நடுவெல்லாம் வெளுத்துப்போகும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பு. குளித்தால் சோப்பு நுரைக்காது. அந்தத் தண்ணீர்தான் காரணம் என்று அம்மாவே கண்டுபிடித்தாள். அவள் படித்தது ஆறாம் வகுப்பு. தேயிலைக்குப் புளிப்பு மண் வேண்டும் என்பது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியுமாம். இதுவும் தேயிலைக்குச் சொந்தக்காரச் செடிதானே என்றாள்.

அன்றிலிருந்து நான் தினமும் வேலை முடிந்து வரும்போது காவிரிப் படித்துறையில் இறங்கி ஒரு டின்னில் தண்ணீர் பிடித்து, சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வருவேன். ஆறு வற்றிய மாதங்களில் மணலில் ஊற்றுத் தோண்டி மொண்டு வருவேன். அது போதாதென்று டீச்சக்கை வேண்டும் என்றாள். பட்டறைக்கு எதிரே இருந்த டீக்கடையில் வடிகட்டிப் போடுகிற சக்கையைச் சாப்பாட்டுத் தூக்கில் வாங்கி வருவேன். பட்டறையில் சும்மா விடுவார்களா?

"என்ன மாமா, டீ குடிச்சது பத்தாதுன்னு சக்கையையும் கட்டிக்கிட்டுப் போறீங்க?"

"வீட்டுல அக்காவுக்குப் பொரியல் பண்றதுக்குடா."

"சர்க்கரை தட்டின சக்கையா பாத்து வாங்கிக்கிங்க மாமா, எறும்பாச்சும் வாழ்த்தும்."

தோப்புக்காரர் ஐயங்காருக்கும் அந்தச் செடி ஒரு வேடிக்கை. தேங்காய் பறிக்கிற நாளில் வந்தால் தொட்டி பக்கம் போய் எட்டிப் பார்ப்பார்.

"என்னங்காணும், பூத்துதோ?"

"இன்னும் இல்லீங்க சாமி."

"பூத்தா வாசனை உண்டோ?"

"வாசனை கிடையாதுங்க."

"வாசனையும் கிடையாதா! பெருமாளுக்கும் ஆகாது, பெண்டுகள் தலைக்கும் ஆகாது. இதுக்குப் போய் காவேரித் தீர்த்தமா? நீர் பெரிய ஆள்தான் போம்."

அம்மா உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டு சிரிப்பாள். அந்த வருஷங்களில் அவள் சிரித்ததெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

ஏழு வருஷம் அது பூக்கவில்லை. மொட்டு வைத்த வருஷங்களும் உண்டு. ஒரு வருஷம் ஆடிக்காற்றில் மண் காய்ந்துவிட்டது. எல்லா மொட்டும் ஒரே வாரத்தில் போயிற்று. இன்னொரு வருஷம் நான் ஆட்டு எருவை அள்ளிப் போட்டேன்; இலை பெருத்தது, மொட்டு கருகியது. இன்னொரு வருஷம் ஐப்பசி மழையில் தொட்டியின் ஓட்டை அடைத்துக்கொண்டு வேர் மூன்று நாள் தண்ணீரில் நின்றது. ஒவ்வொரு முறையும் அம்மா காரணத்தைத் தேடுவாள், கண்டுபிடிப்பாள், அடுத்த வருஷம் அதைச் செய்ய விடமாட்டாள். யாரையும் திட்டினதில்லை.

இதற்குள் அவளுக்கு நெஞ்சு முடியாமல் போயிற்று. சின்ன வயதுக் காய்ச்சலில் இதயத்தில் வால்வு கெட்டிருந்ததாம். சின்னவன் பிறந்த பிறகு மூச்சு வாங்கத் தொடங்கியது. மலை ஏறக் கூடாது, குளிர் ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தாயின் கல்லறைக்குப் போகிற வழி அதோடு அடைபட்டது. அதற்குப் பிறகு அந்தச் செடியை அவள் பார்க்கிற பார்வையே வேறு மாதிரி ஆகிவிட்டது.

எழுபத்தொன்பதில் பதினொரு மொட்டு வைத்தது. கொஞ்சம் நெருக்கமாக இருந்ததையெல்லாம் கிள்ளிவிட்டு, ஒரு கிளைக்கு ஒன்று என்று அம்மா நிறுத்திவைத்தது பதினொன்று. அக்டோபர் கடைசியில் கோலிக்குண்டு அளவு. ஒன்றிரண்டில் நுனி பிரிந்து உள்ளே சிவப்பு தெரிந்தது. அம்மா என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். "டிசம்பருக்குச் சரியா இருக்குங்க" என்றாள். "இந்த வருஷம் அம்மாவுக்கு வச்சிடுவேன்."

ஆனால் இலைக்கு அடியில் செதில் பூச்சி வந்திருந்தது. தவிட்டு நிறத்தில் ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும். அது கழிக்கிற இனிப்புக்கு எறும்பு ஏறும். இலைமேல் கரி பூசினது மாதிரி படியும். அம்மா ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்து ஒவ்வொரு இலையாகத் துடைப்பாள். நாலு இலை துடைத்ததும் மூச்சு வாங்கும். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வாள். பிறகு அடுத்த இலை. நான் துடைக்கிறேன் என்றால், "உங்க கை இரும்பு வெட்டுற கை, மொட்டு தட்டிடும்" என்பாள். அதைப் பார்த்துக்கொண்டு இருக்க என்னால் முடியவில்லை. இதை நான் சாக்காகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

கல்லறைத் திருநாளுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, வழக்கம்போல என் அப்பா அம்மா கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிக்கப் போனேன். உங்களுக்குத் தெரியும், அந்த வாரம் நம் ஆட்கள் எல்லாரும் வாளியும் மட்டையுமாக அங்கேதான் இருப்பார்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பை இரண்டு நாள் முன்பே ஊறப்போட்டு, கொஞ்சம் நீலம் கலந்து எடுத்துப் போயிருந்தேன். பக்கத்துக் கல்லறையில் களை பிடுங்கிக்கொண்டிருந்த கல்லறைக் காவல்காரரிடம் பேச்சுவாக்கில் செடியில் எறும்பும் பூச்சியும் ஏறுவதைச் சொன்னேன்.

"இதுக்கா கவலைப்படுறீங்க? மிச்சச் சுண்ணாம்பு இருக்குல்ல, தண்ணியைச் சேர்த்துத் தெளிய விட்டு, அந்தத் தெளிவை வேருல ஊத்துங்க. தென்னைக்கு ஊத்துறோம், எலுமிச்சைக்கு ஊத்துறோம். எறும்பு, செதிலு ஒண்ணும் நிக்காது."

"மலைச் செடிங்க அது."

"மலைச் செடின்னா? அதுவும் மண்ணுலதானே நிக்குது?"

எனக்கு அது நியாயமாகப் பட்டது. தோப்பில் தென்னைக்கு நானே வருஷா வருஷம் சுண்ணாம்பு போடுகிறவன். மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது அம்மா படுத்திருந்தாள். அவளை எழுப்பிக் கேட்டிருக்கலாம். கேட்டால் வேண்டாம் என்பாள் என்று தெரியும். பூச்சி போனதும் சொல்லிக்கொள்ளலாம், சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். ஒரு வாளித் தெளிவை எடுத்து, தொட்டியில் நிதானமாக ஊற்றினேன். அடியில் நின்ற பால் மாதிரித் தண்ணீரும் கொஞ்சம் சேர்ந்து போயிற்று.

நாலு நாளில் எறும்பு போய்விட்டது. எனக்குப் பெருமை. ஆறாம் நாள் மண்ணின்மேல் ஆடை கட்டின மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்ததைப் பார்த்தேன். ஒரு கொட்டாங்கச்சியால் அதைச் சுரண்டி எடுத்துத் தென்னைக்கு அடியில் போட்டேன். ஏன் சுரண்டினேன்? அம்மா கண்ணில் படக் கூடாது என்றுதான். அந்த நேரத்திலேயே எனக்குள் பயம் வந்துவிட்டது என்றுதானே அர்த்தம்?

பத்தாவது நாள் சாயங்காலம் வேலையிலிருந்து வந்து சைக்கிளை நிறுத்துகிறேன், வீட்டின் வடபுறத்திலிருந்து அம்மாவின் குரல். அவள் அவ்வளவு உரக்கப் பேசி நான் கேட்டதில்லை. நீ மூன்றாம் வகுப்பு. செடிக்கு அடியில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருந்தாய். பாவாடை மடியில் மூன்று மொட்டு, பக்கத்தில் சொப்புச் சாமான்.

"தானா விழுந்துச்சும்மா."

"பச்சை மொட்டு தானா விழுமா? பொய் சொல்லாதே."

"நான் பறிக்கலம்மா, கீழே கெடந்துச்சு."

அம்மா என்னைப் பார்த்தாள். முகம் வெளிறியிருந்தது. "ஏங்க, நீங்க ஏதாவது போட்டீங்களா இதுக்கு?"

"நான் என்னத்தைப் போடப்போறேன்? ஆத்துத் தண்ணிதான்."

வாயிலிருந்து அது வருவதற்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. அதோடு விட்டேனா? உன்னைக் காப்பாற்றுகிறவன் மாதிரி இன்னொன்றும் சொன்னேன்.

"விடு, சின்னப் புள்ள. வெளையாட்டுல தெரியாமப் பறிச்சிருப்பா."

அதுதான் உன்னை மாட்டிவிட்டது. அப்பாவே சொன்ன பிறகு அம்மா வேறு எதை நம்புவாள்? அவள் உன்னை அடிக்கவில்லை. மாதா படத்துக்கு முன்னால் முட்டி போட்டு ஐம்பது அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னாள். நீ அழுதுகொண்டே சொன்னாய். நடுவில் எண்ணிக்கை தவறி மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினாய். நான் கூடத்தில் உட்கார்ந்து, வேலைக்குக் கட்டிப்போன பெல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தேன். உன் பெரிய தம்பிக்கு அப்போது ஐந்து வயது. "மொட்டுக்காரி, மொட்டுக்காரி" என்று உன்னைச் சுற்றி ஓடினான். அந்தப் பேர் அப்படி வந்ததுதான். உன் கல்யாணத்தன்றுகூட அவன் அதைச் சொல்லி உன்னைச் சிரிக்கவைத்தான். நானும் சிரித்தேன்.

மறுநாள் ஒரு மஞ்சள் இலையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய், சத்திரம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் செடி விற்கிற ஒருவரிடம் காட்டினேன். ஊட்டியில் முப்பது வருஷம் தோட்டவேலை பார்த்துவிட்டு வந்தவர் என்று சொல்வார்கள். இலையைத் திருப்பிப் பார்த்தார், முகர்ந்தார்.

"கேமிலியா. இங்க வச்சிருக்கீங்களா? தைரியம்தான். சுண்ணாம்பு பட்டுச்சா?"

முன்பின் தெரியாத மனிதரிடம் எவ்வளவு சுலபமாகச் சொல்ல முடிந்தது! "பட்டுச்சுங்க. ஒரு வாளி. தெளிவு மட்டும்தான்."

"தெளிவுதான்யா வேகம். இதுக்கு அது விஷம்." அவர் கோபப்படவில்லை. "இன்னைக்கே தொட்டியைக் கவுத்து, பழைய மண்ணு ஒரு பிடி இல்லாம உதறு. வேரை மழைத்தண்ணியில அலசு. இலைமக்கும் மணலும் கலந்து புதுசா வை. அப்புறம் இருக்கிற மொட்டு அத்தனையும் கிள்ளிடு. வேரு புண்ணா இருக்கும்போது பூவையும் தாங்கச் சொன்னா செடி போயிடும். இந்த வருஷம் பூவை மறந்துடு. செடி பொழைக்கும்."

"மொட்டைக் கிள்ளணுமா?"

"கிள்ளணும். பூ வேணுமா, செடி வேணுமா?"

பஸ்ஸில் துவாக்குடி போகிற வழி முழுக்க அதையே நினைத்துக்கொண்டு போனேன். தொட்டியைக் கவிழ்த்தால் ஏன் என்று அம்மா கேட்பாள். மொட்டைக் கிள்ள வேண்டும் என்றால் காரணம் சொல்லியாக வேண்டும். சொன்னால், நேற்று உன்னை முட்டி போடவைத்தது என் பொய்தான் என்று தெரிந்துவிடும். செடியில் இன்னும் எட்டு மொட்டு இருந்தது. எட்டில் ஒன்றாவது டிசம்பர் வரை நிற்காதா, அவள் அதைத் தாய்க்கு வைத்துவிடட்டும், அப்புறம் எல்லாவற்றையும் சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். நல்லதுக்குத்தான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மையில் என் முகத்தைக் காப்பாற்றிக்கொண்டேன். செடி பிழைத்திருக்கும். அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பிப் போய் வாயைத் திறந்திருந்தால் பிழைத்திருக்கும்.

பெரியவளே, அவர் சொன்னது உனக்கும் பொருந்தும் என்பதால் இந்த இடத்தில் உன் செடியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். குவார்ட்டர்ஸுக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்தார்கள், சுவரை ஒட்டித்தான் செடி இருக்கிறது என்று கடிதத்தில் எழுதியிருந்தாய். மழையில் சுவரிலிருந்து கழுவி இறங்குகிறது வேரில்தான் போய்ச் சேரும். சிமெண்டுப் பூச்சும் அப்படித்தான். செடியைச் சுவரிலிருந்து நாலடி தள்ளி வை, வேரைப் புதைக்காதே, மண்ணைத் தொட்டு மேலே காய்ந்தால் மட்டும் தண்ணீர் விடு. மொட்டு வைக்கிற மாதங்களில் ஒரு நாளும் வறள விடாதே, தேங்கவும் விடாதே. நெருக்கமாக வைத்தால் கிள்ளிவிடு. அங்கே இலைமக்குக்குப் பஞ்சமில்லை, வேரை மூடுகிற மாதிரிப் பரப்பு. இலை வெளுத்தபிறகு உரம் போட்டு நிமிர்த்தப் பார்க்காதே. இந்த வருஷம் இருக்கிற மொட்டை எடுத்துவிடு. வலிக்கும், எடுத்துவிடு. உன் கையில் ஒரு குறையும் இல்லை.

எட்டு மொட்டும் நிற்கவில்லை. டிசம்பர் இரண்டாவது வாரத்தில் கடைசி மொட்டு விழுந்தது. நினைவு நாளன்று அம்மா கிண்ணத்தில் தண்ணீர் மட்டும் ஊற்றிப் போட்டோவுக்கு முன்னால் வைத்தாள். நீ கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாய்.

ஜனவரி கடைசியில் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வீட்டில் அவள் இல்லாத முதல் ஞாயிற்றுக்கிழமை நான் தொட்டியைக் கவிழ்த்தேன். பிடித்து வைத்திருந்த மழைத்தண்ணீரில் வேரை அலசினேன். அலச ஒன்றும் இல்லை, கையோடு வந்தது. இருந்தாலும் புது மண்ணில் வைத்தேன். தினமும் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அவள் முதலில் கேட்கிறது அதைத்தான்.

"செடி எப்படிங்க இருக்கு?"

"துளிர் விட்டிருக்கு."

"எத்தனை?"

"ரெண்டு. நுனியில."

"பூச்சி?"

"இல்லை."

பொய் ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, அவள் படுக்கையில் கிடந்து அந்தத் துளிர்களை எண்ணிக்கொண்டிருந்தாள். ஒருநாள் உங்களைப் பார்க்க வேண்டும் என்றாள். மூன்று பேரையும் கூட்டிப் போனேன். சின்னவனைப் பக்கத்தில் படுக்கவைத்துக்கொண்டாள். பிறகு பெரியவளே, உன் கையைப் பிடித்து, உள்ளங்கையைத் தடவிக்கொண்டு சொன்னாள்.

"அம்மா அன்னைக்கு ரொம்பத் திட்டிட்டேன்ல? இனிமே பூவையெல்லாம் பறிக்கக் கூடாது, என்ன? செடிக்கு வலிக்கும்."

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். ஒரு பார்வைதான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நீ "சரிம்மா" என்றாய்.

செய்யாததற்கு மன்னிப்பை வாங்கிக்கொண்டாய். எட்டு வயது உனக்கு. அந்த அறையில் இருந்த ஆம்பிளை நான்.

அதற்குப் பிறகு அவள் ஒன்பது நாள் இருந்தாள். ஒன்பது நாளும் சொல்லியிருக்கலாம். நெஞ்சு பலவீனமானவளிடம் இதைச் சொல்வதா என்று நினைத்தேன். இன்றைக்கும் அந்தச் சாக்கை மட்டும் என்னால் முழுசாகத் தள்ள முடியவில்லை. ஆனால் உன்னிடம் சொல்லாததற்கு அந்தச் சாக்குக்கூடக் கிடையாது. முதலில் நீ சின்னப் பெண் என்று தள்ளிப்போட்டேன். பிறகு நீ பெரியவளாகி எல்லாவற்றையும் வேடிக்கையாக எடுத்துக்கொண்டாய், அது எனக்கு வசதியாக இருந்தது. மன்னித்துவிடு என்று கேட்க வெட்கமாக இருக்கிறது. மொட்டுக்காரி என்ற பேரை மட்டும் இனி யாரும் சொல்ல வேண்டாம், தம்பிகளா.

அடக்கம் முடிந்த மறுநாள் காலை, உறவுக்காரர்கள் உங்களை மாதா கோயிலுக்குக் கூட்டிப் போயிருந்தார்கள். நான் மட்டும் வீட்டில். வடபுறம் போய்த் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இலை எல்லாம் கொட்டி, குச்சி மட்டும் நின்றது. செடிக்கு உயிர் இருந்தால் பட்டைக்கு அடியில் பச்சை தெரியும். நுனியில் நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், மரத்தூள் நிறம். ஒரு சாண் கீழே சுரண்டினேன், அதே நிறம். அப்புறம் கிளை பிரிகிற இடத்தில். அப்புறம் மண்ணை ஒட்டி. மண்ணையும் விரலால் விலக்கி, இன்னும் கொஞ்சம் கீழே சுரண்டிப் பார்த்தேன்.